மாண்டவரால் நோய் வருமா?

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ ஓர் ஊரை அழித்துச் சென்ற மறுநாளே அங்கே ஒரு பேச்சு எழுவது உலகெங்கும் வழக்கம். "சடலங்கள் கிடக்கின்றன, விரைவில் புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வந்துவிடும்" என்பதே அப்பேச்சு. முதலில் ஒருவர் மற்றொருவர் காதிற் சொல்கின்றார். மாலைக்குள் அது ஊர் முழுவதும் பரவிவிடுகின்றது. அடுத்த நாள் பத்திரிகையில் வருகின்றது. அதற்கடுத்த நாள் அதிகாரி ஒருவரே அதனை எடுத்துரைக்கின்றார். இவ்வாறு பலர் வாயிற் புகுந்து வெளிவந்த பின்னர், அது உண்மைதானா என்று கேட்பவர் அரியர். பேரிடர்களை ஒட்டி எழும் தவறான செய்திகள் பல. அவற்றுள் நீண்ட ஆயுளுடையதும் மிகுந்த துன்பம் விளைத்ததும் ஆகிய ஒன்று இதுவே எனலாம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் இந்து சமுத்திரக் கரையோரங்களைக் கடற்கோள் தாக்கியதை இலங்கை மக்கள் மறந்திலர். சுமாத்திராத் தீவுக்கு அண்மையில், கடலடியில் எழுந்த நிலநடுக்கமே அதற்குக் காரணம். இலங்கையில் மாத்திரம் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 35,000 பேர். அவர்களுள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாந்தோட்டை, காலி வரை துயரில்லாத கரை இல்லை. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் அந்நாட்டு மக்களோடு பல நாட்டு உல்லாசப் பயணிகளும் மாண்டனர்.

அந்நாட்களிலும் மேற்சொன்ன பேச்சு எழுந்தது. கோடை நாட்டின் வெப்பம். சடலங்களைக் குளிரில் வைக்கும் வசதி போதாமை. உயிர் தப்பியோரின் திகைப்பு. இவற்றோடு நோய் பற்றிய அச்சமும் சேர்ந்தது. பல இடங்களிற் பெரிய குழிகள் தோண்டப்பட்டன. பெயர் எழுதாமலும், படம் எடுக்காமலும், யார் எவர் என்று குறிக்காமலும் மனிதர்கள் ஒருங்கே புதைக்கப்பட்டனர். அவ்வாறு செய்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர். உயிரோடிருக்கும் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே, கண்ணீரோடு செய்தனர். அவர்களை வழிநடத்திய செய்திதான் பிழையானது.

அச்செய்தி ஏன் பிழையானது என்பதை அறிய, தொற்றுநோய் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலிற் சிந்தித்தல் வேண்டும். நோய்க்கிருமி இல்லாமல் தொற்றுநோய் இல்லை. ஒருவர் உடலிற் கிருமி இருக்க வேண்டும். அது வெளிவர வேண்டும். நீர் வழியாகவோ உணவு வழியாகவோ காற்று வழியாகவோ மற்றொருவர் உடலைச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நோய் பரவாது. கடற்கோளில் மாண்டவர் நீரில் மூழ்கியோ அடிபட்டோ மாண்டார். நிலநடுக்கத்தில் மாண்டவர் சுவர் விழுந்து மாண்டார். காலையில் நலமாய் எழுந்து தொழிலுக்குச் சென்ற அவர்கள் கொள்ளைநோயாளர் அல்லர். உயிரோடிருந்தபோது அவர்களிடம் இல்லாத கிருமி, மாண்ட பின்னர் அவர்களிடம் புதிதாகப் பிறப்பதில்லை.

அவர்களுட் சிலரிடம் ஏதேனும் கிருமி இருந்திருக்கலாம் என்றே கொள்வோம். உயிருள்ள உடலின் சூடும் ஓட்டமும் அக்கிருமிக்கு வேண்டும். அவை நின்றதும் அதுவும் அழியத் தொடங்குகின்றது. நோய்க்கிருமிகளுட் பெரும்பாலானவை இறந்த உடலில் 48 மணி நேரத்துக்கு மேல் வாழ்வதில்லை என்பர். எச்.ஐ.வி. கிருமி மாத்திரம் ஆறு நாள் வரையில் இருந்ததாகக் காணப்பட்டுள்ளது. மேலும், உயிருள்ள நோயாளி நடமாடுகின்றான், இருமுகின்றான், கிணற்றடிக்கும் சந்தைக்கும் செல்கின்றான். இறந்தவர் இவற்றுள் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே தொற்றைப் பரப்புவதில் இறந்தவரிலும் உயிரோடிருப்பவரே வல்லவர்.

பின், இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? நாற்றத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்று பண்டைக்கால வைத்தியர் நம்பினர். ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் அக்கொள்கையே அரசோச்சியது. 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது ஜோன் சினோ என்னும் வைத்தியர், நோயுற்றோர் வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஒரு தெருவின் நீர்க்குழாயே நோய்க்கு மூலம் என்று காட்டினார். காற்றின் நாற்றத்தில் அன்று, நீரிற் கலந்த மலத்திலேயே நோய் இருந்தது. அறிவியல் அன்றே வேறு வழியிற் சென்றுவிட்டது. மனிதனின் மூக்கு இன்னும் பழைய வழியிலேயே நிற்கின்றது. அழுகும் உடலின் நாற்றம் தாங்கொணாதது, நெஞ்சைக் கலக்குவது. ஆயினும் அந்நாற்றம் நோயைத் தருவதில்லை.

இவ்விடத்தில் விதிவிலக்குகளையும் சொல்லுதல் கடமையாகும். வாந்திபேதியினாலோ எபோலா போன்ற கொடிய காய்ச்சலினாலோ ஒருவர் மாண்டிருந்தால் அவ்வுடலைப் பயிற்சி பெற்றோரே தக்க பாதுகாப்போடு கையாள வேண்டும். அடுத்து, சடலங்களைத் தூக்கிச் செல்லும் தொண்டர்களுக்குச் சிறு ஆபத்து உண்டு. இரத்தத்தாலும் மலத்தாலும் சில கிருமிகள் தொற்றலாம். சயரோகக் கிருமியும் அரிதாகத் தொற்றலாம். கையுறையும் நீண்ட சப்பாத்தும் அணிந்து, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் பெரும்பாலும் போதும். குடிநீர்க் கிணற்றிலோ குளத்திலோ உடல் கிடந்தால் குடல்மலம் நீரிற் கலக்கலாம். அந்நீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் இட்டோ பருகினால் அவ்வாபத்தும் நீங்கும். இவை யாவும் சிறிய எச்சரிக்கைகள். ஊரையே அழிக்கும் கொள்ளைநோய் என்ற பேச்சுக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

பேரிடரின் பின்னர் நோயே வருவதில்லை என்று எண்ணுதலும் தவறு. நோய் வருகின்றது, ஆனால் வேறு வாசலால் வருகின்றது. வீடிழந்தோர் ஒரு பாடசாலையில் நூற்றுக்கணக்கிற் கூடுகின்றனர். மலகூடம் போதவில்லை. நல்ல நீர் இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறிவிடுகின்றது. 1991ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் பினற்றுபோ எரிமலை வெடித்தபின் இடம்பெயர்ந்த மக்களிடையே 18,000க்கு மேற்பட்டோர் சின்னமுத்து நோயால் வருந்தினர். ஆச்சேயிற் கடற்கோளின் பின்னர், கிழிந்த காயங்களின் வழியாக ஏற்புவலி புகுந்து 106 பேரைப் பற்றியது. அவர்களுள் 20 பேர் மாண்டனர். காயத்தைக் கழுவி உரிய ஊசியை இட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய் அது. சடலங்களைப் புதைப்பதில் ஓடிய கால்களும் வண்டிகளும் எரிபொருளும் நீரையும் மருந்தையும் நோக்கி ஓடியிருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஹெயிற்றி நாட்டின் கதை இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் அந்நாட்டின் தலைநகரை நிலநடுக்கம் தகர்த்தது. சடலங்கள் பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே பெருங்குழிகளில் இடப்பட்டன. சடலங்களால் எந்தக் கொள்ளைநோயும் எழவில்லை. ஒன்பது மாதங்கள் கழிந்து, ஒக்டோபரில், வாந்திபேதி எழுந்தது. அது எழுந்த இடம் தலைநகர் அன்று. நிலநடுக்கம் தகர்க்காத ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையினர் தங்கிய முகாமொன்றின் கழிவு ஆற்றிற் கலந்ததே காரணம் என்று பிரெஞ்சு நாட்டு நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெனோ பியாரூவும் அவர் குழுவினரும் 2011ஆம் ஆண்டு எழுதினர். யாவரும் விலையின்றி வாசிக்கக்கூடிய சஞ்சிகையொன்றில் அக்கட்டுரை வெளியாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று, ஏறக்குறைய 10,000 பேர் மாண்ட பின்னர், 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் ஹெயிற்றி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். மக்கள் அஞ்சியது மாண்டவரை. அவர்களைக் கொன்றது ஆற்றுநீர்.

இனி, அவசர அடக்கத்தினால் விளையும் கேட்டை நோக்குவோம். பெயரின்றிப் புதைக்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவர் அல்லர், காணாமற்போனவர். மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லையெனில் விதவைக்கு ஓய்வூதியம் கிட்டாது. காப்புறுதிப் பணம் கிட்டாது. வங்கியிலுள்ள சேமிப்பைப் பெற இயலாது. கணவன் பெயரிலிருந்த காணி பிள்ளைக்குச் சேராது. காலியைச் சேர்ந்த சட்ட வைத்திய நிபுணர் கிளிபோர்ட் பெரேரா, அடையாளங் காணாமற் புதைத்ததால் இலங்கையில் எழும் சட்டச் சிக்கல்களைப் பற்றி 2005ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் விலையின்றி வாசிக்கத்தக்க சஞ்சிகையொன்றிலேயே வெளிவந்தது. காணாமற்போனோரின் மரணங்களைப் பதிவு செய்வதற்கென, அவ்வாண்டிலேயே 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டியதாயிற்று.

சட்டம் ஏட்டில் உள்ள வெற்றிடத்தை நிரப்பலாம். மனத்தில் உள்ள வெற்றிடத்தை அது நிரப்பாது. மகன் இறந்தானா, எங்கேனும் நினைவிழந்து கிடக்கின்றானா என்று அறியாத தாய் எட்டுச் செலவு செய்வாளா? அந்தியேட்டி செய்வாளா? நெற்றியிற் பொட்டிடுவதா அழிப்பதா என்று மனைவி எவ்வாறு முடிவு செய்வாள்? இஸ்லாமியர் உடலைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுகை நடத்தி அடக்குவர். கிறிஸ்தவர் குருவானவரின் மன்றாட்டோடு அடக்குவர். சமயங்கள் பலவாயினும், இறந்தவரைப் பெயர் சொல்லி வழியனுப்ப வேண்டும் என்பதில் அவை ஒத்து நிற்கின்றன. அந்த ஒன்றையே அவசரக் குழி பறித்துக்கொள்கின்றது. இல்லாத நோயைத் தடுப்பதற்காக உள்ள துயரை நிரந்தரமாக்குதல் எவ்வாறு நன்மையாகும்?

இவ்வுண்மைகள் 2004ஆம் ஆண்டில் அறியப்படாதவை அல்ல. கடற்கோளுக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், அவ்வாண்டு மே மாதத்தில், ஒலிவர் மோர்கன் என்னும் ஆய்வாளர், இயற்கைப் பேரிடரில் மாண்டோரின் உடல்களால் தொற்றுநோய் ஆபத்து உண்டா என்பதை அதுவரை வெளிவந்த ஆய்வுகள் கொண்டு ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பொதுமக்களுக்கு அவ்வாபத்து மிக மிகச் சிறிது என்பதே அவர் கண்ட முடிவு. அமெரிக்கக் கண்டத்துச் சுகாதார அமைப்பு வெளியிடும் பொதுச் சுகாதாரச் சஞ்சிகையில் அது வந்தது. இணையத்தில் எவரும் வாசிக்கலாம். ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியதில்லை. கதவு திறந்தே இருந்தது. ஆயினும் டிசெம்பர் மாதத்திற் குழி தோண்டியவர்களை அவ்வறிவு சென்று சேரவில்லை.

'திறந்த ஆராய்ச்சி' என்பதன் பொருளை இங்கே விளக்குதல் நன்று. ஆராய்ச்சியாளர் ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்புகின்றார். அத்துறை அறிந்த வேறு சிலர் அதனைப் பரிசோதித்துக் குறை நிறை கூறுகின்றனர். தேறினால் அது வெளியாகின்றது. நெடுங்காலமாக இவ்வாறு வெளியானவற்றைச் சந்தா கட்டிய நூலகங்களே வாசிக்க முடிந்தது. தனியொருவர் ஒரு கட்டுரையை வாங்க விரும்பினால் முப்பது அமெரிக்க டொலரும் அதற்கு மேலும் கேட்கும் சஞ்சிகைகள் பல. கிராமத்து வைத்தியசாலையில் உள்ள இளம் வைத்தியரோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ, பத்திரிகை நிருபரோ அத்தொகையைக் கொடுத்து வாசிப்பார் என எதிர்பார்க்க இயலாது. வதந்திக்கோ விலை இல்லை. எனவே சந்தையில் வதந்தி மலிவாகவும் உண்மை அருமையாகவும் விற்கப்பட்டன.

இந்நிலையை மாற்றும் நோக்கோடு 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டின் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் தடையின்றி வாசிக்கவும் படியெடுக்கவும் பகிரவும் உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில், கடற்கோளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 'பிளொஸ் மெடிசின்' என்னும் மருத்துவச் சஞ்சிகை அந்நெறியிலேயே தொடங்கிற்று. கிளிபோர்ட் பெரேராவின் கட்டுரை வெளிவந்தது அதிலேதான். இத்தகைய பல சஞ்சிகைகளில் வெளியிடும் செலவை வாசிப்பவரிடம் பெறாமல், எழுதுபவரின் நிறுவனத்திடமோ ஆராய்ச்சிக்குப் பணம் தந்த நிதியத்திடமோ பெறுகின்றனர். பொதுப் பணத்தாற் பெற்ற அறிவு பொதுமக்களுக்கே உரியது என்பது இதன் அடிப்படை.

சந்தாச் சஞ்சிகைகளை வெளியிடுவோரும் வாளாவிருக்கவில்லை. ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தோடு சேர்ந்து, துயருற்ற நாட்டின் மருத்துவர்க்குத் தம் சஞ்சிகைகளைச் சிலகாலம் விலையின்றித் திறந்துவிட்டனர். இது போற்றத்தக்க செயலே. ஆனாலும் வீடு தீப்பற்றிய பின்னர் கிணற்றின் பூட்டைத் திறப்பதற்கு இது ஒப்பாகும். மின்சாரம் அறுந்து, தொலைபேசி அடங்கி, மருத்துவர் மூன்று இரவுகள் உறங்காமல் நிற்கும் வேளையில் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிப் படிக்க யாருக்கு ஓய்வுண்டு? அறிவு பயன்படும் காலம் பேரிடர்க் காலம். அதனைக் கற்கும் காலம் அதற்கு முந்திய அமைதிக் காலம்.

கடற்கோளின் அனுபவத்திலிருந்து பாடங்கள் கற்கப்பட்டன. மோர்கனும் பிறரும் தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் சடலங்கள் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை ஒப்பிட்டு 2006ஆம் ஆண்டு அதே பிளொஸ் மெடிசினில் எழுதினர். அவ்வாண்டிலேயே உலக சுகாதார அமைப்பு, அமெரிக்கக் கண்டத்துச் சுகாதார அமைப்பு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, செஞ்சிலுவை செம்பிறைச் சங்கங்களின் சம்மேளனம் ஆகியவை சேர்ந்து, பேரிடரின் பின் சடலங்களைக் கையாள்வதற்கு ஒரு சிறு கைந்நூலை வெளியிட்டன. 2016இல் அது திருத்திப் பதிப்பிக்கப்பட்டது. நிபுணரை நோக்காமல், முதலில் ஓடிவரும் அயலவரையும் பொலிசாரையும் தொண்டரையும் நோக்கி எழுதப்பட்டமை அந்நூலின் சிறப்பு. அதுவும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பது.

அந்நூல் கூறுபவை எளியவை. ஒவ்வொரு சடலத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, நீரில் அழியாத சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். முகத்தையும் முழு உடலையும் உடையையும் அடையாளங்களையும் இலக்கம் தெரியப் படம் எடுக்க வேண்டும். வெப்பமான நாடுகளில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அறியமுடியாதபடி மாறிவிடும். ஆதலால் படம் எடுப்பதிலேதான் அவசரம் வேண்டும், புதைப்பதில் அன்று. கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். குளிரறை இல்லையெனில், குடிநீர் ஊற்றுகளுக்கு எட்டத்தில், இலக்கத்தோடு வரிசையாக, ஒருவர்மேல் ஒருவரை இடாமல், பின்னர் தோண்டி எடுக்கக்கூடியதாகத் தற்காலிகமாகப் புதைக்கலாம். சுண்ணாம்பு தூவுவதும் கிருமிநாசினி தெளிப்பதும் வீண். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் ஒரு படப்பெட்டியும், மனத்திலே தெளிவும் இருந்தாற் போதும்.

இத்துணை திறந்து வைத்த பின்னரும் பழைய பேச்சு ஓயவில்லை. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் லிபியா நாட்டின் டேர்னா நகருக்கு மேலே இரண்டு அணைகள் புயல்மழையில் உடைந்து ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அடித்துச் சென்றன. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெருங்குழிகளிற் புதைக்கப்பட்டனர் என்று அறிவிக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவை அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து, இறந்தோரை அவசரப்பட்டுக் கூட்டாகப் புதைக்க வேண்டாம் என்று மீண்டும் வேண்டுகோள் விடுத்தன.

இயற்கைப் பேரிடரை விடுத்து நோய்க்காலத்தை நோக்கினும், இறந்தோரைப் பற்றிய இதே அச்சம் இலங்கையிலும் அரசாணையின் வடிவம் பெற்றதுண்டு. கொவிட் நோயால் மாண்டவரை அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற காரணங்காட்டி 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் எல்லோரையும் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்தலைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் அதனாற் பெருந்துயர் அடைந்தனர். 2021 பெப்ரவரியில் அவ்வாணை மாற்றப்பட்டது. 2024 யூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. உண்மையை அறிவதற்குத் தடை எதுவும் இல்லாதபோதும், அச்சம் உண்மையை முந்திச் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று.

எனவே திறந்த கதவு மாத்திரம் போதாது. அக்கதவுக்கு வழியும் வேண்டும். முதலாவது வழி மொழி. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் அறிஞர்க்கேயுரிய ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் சாரம் கிராம உத்தியோகத்தரின் மேசையிலும் பாடசாலைப் புத்தகத்திலும் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நம்பிக்கைக்குரிய வாய். வதந்தி அயலவர் வாயால் வருவதால் நம்பப்படுகின்றது. உண்மையும் ஊரறிந்த மருத்துவிச்சியின் வாயால், குருக்கள், மௌலவி, பாதிரியார் ஆகியோரின் வாயால், மின்சாரம் அற்ற இரவிலும் ஒலிக்கும் வானொலியின் வாயால் வர வேண்டும். மூன்றாவது, காலம். மாரி தொடங்கு முன்னரே கூரை வேய்வதுபோல், பேரிடருக்கு முன்னரே இவ்வறிவு ஊரிற் புழங்க வேண்டும்.

திறந்த ஆராய்ச்சி என்ற பெயரிலேயே ஒரு கேடும் வளர்ந்திருப்பதை மறைத்தலாகாது. எழுதுபவரிடம் பணம் பெறும் முறையைப் பயன்படுத்தி, எதனையும் பரிசோதியாமல் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் பல தோன்றியுள்ளன. பரிசோதனைக்கு முன்னரே வெளியிடப்படும் கட்டுரைகளும் உண்டு. அவற்றிற் சில பின்னர் பிழையெனத் தெரியவரும். எனவே 'ஆராய்ச்சி சொல்கிறது' என்ற சொல்லே உண்மைக்கு முத்திரை ஆகாது. ஆராய்ந்தவர் யார், பரிசோதித்தவர் உண்டா, வேறு ஆய்வுகளும் அதனையே சொல்கின்றனவா என்ற மூன்று வினாக்கள் வேண்டும். திறந்திருத்தலின் பெரும் பயனும் இதுவே: எவரும் வாசிக்கக்கூடியதில் உள்ள பிழையை எவரும் எடுத்துக் காட்டலாம்.

கரையோரத்தில் வாழ்பவர்க்கும் ஆற்றங்கரையில் வாழ்பவர்க்கும் மலைச்சரிவில் வாழ்பவர்க்கும் இடர் இனி வராது என்று சொல்ல எவராலும் இயலாது. அவ்வாறு வரும் நாளில், "பிரேதங்களால் நோய் வரும்" என்ற பேச்சு மீண்டும் எழும். அப்போது கூட்டத்தில் ஒருவரேனும், "நீரைக் கொதிக்க வையுங்கள், காயத்தைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு ஊசி போடுங்கள், இறந்தவருக்கு இலக்கம் எழுதிப் படம் எடுங்கள், புதைக்க நேரம் இருக்கிறது" என்று சொல்ல வல்லவராய் இருந்தால், எங்கோ ஒரு நூலகத்தில் எழுதப்பட்ட ஆராய்ச்சி தன் பயனை அடைந்ததாகும். மாண்டவர் ஒருவர் பெயரோடு புதைக்கப்படுவார். அவர் வீட்டில் உள்ளோர் அழுது, நாட்கடன் கழித்து, பின்னர் அடுப்பு மூட்டுவர்.